மூன்று சுவர் தாண்டாத வைஃபை

பாலக்காடு மாவட்டத்து வாளையாரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாடி வீடு. ஃபைபர் இணைப்பு முன்கூடத்து ஜன்னல் வழியாக நுழைந்து டிவி அலமாரிக்குப் பின்னால் முடிகிறது, ரவுட்டரும் அங்கேயே. கல்லூரி போகும் மகள் படிப்பது மாடியின் பின்னறையில். அங்கே வைஃபை குறி தெரிகிறதாம், பாடம் மட்டும் ஓடுவதில்லையாம். கோவையில் ஒரு கடையில் கேட்டதற்கு சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மூன்று பெட்டி கொண்ட மெஷ் வாங்கச் சொன்னார்களாம். விலை பத்தாயிரத்தை ஒட்டி வருகிறது. வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்கலாம், ஆனால் அது கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகளுக்குப் பெரிய செலவு கிடையாது. அதனாலேயே எந்தக் கடையிலும் அவற்றைச் சொல்ல மாட்டார்கள்.

குறி தெரிந்தும் பாடம் ஓடாதது ஏன்? வைஃபையில் பேச்சு இருவழி. ரவுட்டர் தரவை அனுப்பினால், வந்து சேர்ந்தது என்று கைபேசி உடனே பதில் சொல்லியாக வேண்டும். பதில் வராவிட்டால் ரவுட்டர் அதையே திரும்ப அனுப்பும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் ரவுட்டரின் குரல் மாடி வரை எட்டிவிடுகிறது. பேட்டரியைச் சேமிக்க வேண்டிய கைபேசி மெல்லத்தான் பேசும், அந்தப் பதில் கீழே வந்து சேருவதற்குள் தேய்ந்துவிடுகிறது. திரையில் நாம் பார்க்கும் கோடுகள் ரவுட்டரின் குரலை மட்டும் அளப்பவை. எட்டு ஆன்டெனா முளைத்த ரவுட்டரை வாங்கி மாட்டினால் அதன் காது கொஞ்சம் கூர்மையாகும், உண்மைதான். கைபேசியின் குரல் அதே குரல்தான்.

இந்தப் பதில் விவகாரத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்த ஊர் ஒன்று இடுக்கி மலைக்குக் கிழக்கே, தேனியில் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிராமப்புறப் பரிசோதனை மையங்களைத் தேனி மருத்துவமனையோடு இணைக்க 2006 வாக்கில் நம்பியது வைஃபையைத்தான். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் நடத்திய குழு கூட நின்றது. பல கிலோமீட்டர் தள்ளி மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலிருந்தே மருத்துவர் காணொளியில் பார்த்துப் பேசினார். உள்ளே இருந்தவை கடையில் கிடைக்கும் சாதாரண வைஃபை சில்லுகள். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஒளி வேகத்தில் போனாலும் 10 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஏறத்தாழ 67 மைக்ரோநொடி ஆகும். வீட்டுக்குள் புழங்குவதற்கென எழுதப்பட்ட விதிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தரவு தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். குழு அந்த விதியை மாற்றி எழுதியது. இரு முனைகளும் முறைவைத்துப் பேச வேண்டும், பதிலை மொத்தமாகச் சொன்னால் போதும். வைல்ட்நெட் என்ற பெயரில் 2007-இல் அந்த ஆய்வு வெளியானது.

தேனியில் கிலோமீட்டர் கணக்கில் போன அலை உங்கள் வீட்டில் பதினைந்து மீட்டர் போகாமல் நிற்கிறதே என்றால், அங்கே உயரத்தில் இரண்டு ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்து நின்றன. நடுவில் காற்று மட்டும். உங்கள் வீட்டில் நடுவே இருப்பது சுவர்.

பாலக்காட்டுச் சுவர்கள் லேசுப்பட்டவை இல்லை. பழைய வீடுகளில் தடித்த வெட்டுக்கல். இடவப்பாதி மழையில் அது ஊறிவிட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். புதிய வீடுகளில் கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தளம். கல்பாத்தி அக்ரகாரத்து வீடுகளோ திண்ணையில் தொடங்கிக் கொல்லை வரை அறைக்குப் பின் அறையாக நீள்பவை. திண்ணைப் பக்கம் வைத்த ரவுட்டர் சமையலறை வருவதற்குள் சுவர் சுவராகத் தோற்றுக்கொண்டே போகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு துளைக்கும், ஆனால் அதில் அக்கம்பக்கத்து வீடுகளின் நெரிசல் அதிகம். ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் மூன்றே மூன்று: 1, 6, 11. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவருக்குச் சீக்கிரம் அடங்கிவிடும்.

ஆகவே முதல் வேலை, ரவுட்டரை இடம் மாற்றுவது. வீட்டின் நடுப்பகுதி, முடிந்தால் மாடிப்படி ஓரம், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடம். டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவின் மேல், ஆளுயரக் கண்ணாடிக்கு அருகில் எல்லாம் வேண்டாம். ஃபைபர் எங்கே நுழைகிறதோ அங்கேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போவது இணைப்புக் கொடுக்க வருபவரின் வசதி. அந்த வீட்டில் வருடக்கணக்காக வாழப்போவது நாம். இன்னும் பத்து மீட்டர் கேபிள் இழுத்துத் தரச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு, கேட்பதற்குத்தான் பலருக்குக் கூச்சம். மாற்றிய பிறகு, சிக்னலை எண்ணில் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்து பாருங்கள். மைனஸ் 67 அல்லது அதைவிட மேலான எண் வந்தால் காணொளி வகுப்புக்குத் தாராளம். மைனஸ் 80 என்றால் குறி இருக்கும், பாடம் இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் பின்னறை எட்டவில்லை என்றால்தான் இரண்டாவது பெட்டி. மலிவான ரிப்பீட்டரை வாங்குவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எங்கள் வீட்டுக்குத் தளம் வார்த்த அன்று ஏணி நெடுக ஆட்கள் நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றினார்கள். கையில் வாங்கியதை மேலே கொடுத்த பிறகே ஒருவர் அடுத்த சட்டியை வாங்க முடியும். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டரின் நிலை அதுதான். அதே தடத்தில் கேட்டு அதே தடத்தில் திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகிறது. நல்ல மெஷ் பெட்டிகளில் கூடுதலாக ஒரு ரேடியோ இருக்கும், பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மட்டும். வாங்கும்போது மூன்று பேண்ட் உள்ளதா என்று கேளுங்கள். பெட்டியைச் சிக்னல் செத்த அறையில் வைத்தால் பயனில்லை. பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

மெஷ்ஷில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம் வேறு. வீட்டுக்குள் நடக்கும்போது ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் முடிவை எடுப்பது யார்? பெட்டிகள்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். வாளையார்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சோதனைச்சாவடி தாண்டும்போது தமிழ்நாட்டு டவரை விட்டுக் கேரள டவரைக் கைபேசி பிடிப்பதைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள். செல்போன் உலகில், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எந்த டவருக்கு மாறுவது என்பதைப் பெரும்பாலும் வலையமைப்பே தீர்மானிக்கிறது. வைஃபையில் அந்த அதிகாரம் கைபேசியிடம். பெட்டி ஆலோசனை மட்டும் சொல்லலாம். அதற்காகவே 2008-இல் 802.11கே, 802.11ஆர் என்ற விதிகளும் 2011-இல் 802.11வி என்பதும் வந்தன. அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்வது முதலாவது. மாறும்போது கடவுச்சொல் சடங்கைச் சுருக்குவது இரண்டாவது. இங்கிருந்து போய்விடு என்று யோசனை சொல்வது மூன்றாவது. கேட்பதும் கேட்காததும் கைபேசியின் விருப்பம்.

ஆப்பிள் நிறுவனம் தன் கைபேசி எப்படி முடிவெடுக்கிறது என்பதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. சிக்னல் மைனஸ் 70-ஐத் தாண்டிக் கீழே இறங்கும் வரை ஐபோன் வேறு பெட்டியைத் தேடவே தேடாது. தேடிக் கண்டாலும், தரவு ஓடிக்கொண்டிருந்தால் புதியது 8 டெசிபெல் கூடுதலாக இருக்க வேண்டும், சும்மா இருந்தால் 12. 8 டெசிபெல் என்பது ஆறு மடங்குக்கும் மேலான சக்தி. தலைமாட்டிலேயே புதுப் பெட்டி ஒளிர்ந்தாலும் கீழ்க்கூடத்துப் பழைய பெட்டியைக் கைபேசி பிடித்துக்கொண்டிருப்பதன் ரகசியம் இந்த எண்களில் இருக்கிறது. பெட்டிகளை மிக நெருக்கமாக வைத்தால் பழையதன் சிக்னல் மைனஸ் 70 வரை இறங்காது, கைபேசியும் மாறாது. நூறு, நூற்றிருபது சதுர மீட்டர் வீட்டுக்கு மூன்று பெட்டி விற்பவர் உங்கள் சிக்கலைக் கூட்டித்தான் தருகிறார். இரண்டு போதும்.

ரவுட்டரையே மாற்றலாமா? 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த கிழடாக இருந்தால், அல்லது அதன் கேபிள் துளை நொடிக்கு 100 மெகாபிட்டோடு நிற்க நீங்கள் அதற்கு மேற்பட்ட திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தால், மாற்றுங்கள். தயாரித்தவர் பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டாலும் மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற கிருமி, ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட ரவுட்டர்களையும் கேமராக்களையும் லட்சக்கணக்கில் பிடித்து இணையத்தின் பெரிய தளங்களையே முடக்கியது. பூட்டு வாங்கத் தயங்காத நாம், பெட்டியின் அடியில் ஒட்டி வந்த கடவுச்சொல்லை அப்படியே விட்டுவைப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பழைய ரவுட்டர் நல்ல நிலையில் இருந்தால் எறியாதீர்கள். அதன் முகவரியை மாற்றி, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியை அணைத்து, ஒரு கேபிளால் புதியதோடு இணைத்தால் மாடிக்கு அதுவே இரண்டாவது பெட்டி. உண்மையிலேயே செத்துப்போனதை வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனையிடம் கொடுங்கள், குப்பைமேட்டில் போட வேண்டாம்.

கொரோனா காலத்தில் மூணாறுத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள், பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள், ரேஞ்ச் தேடி ராஜமலைப் பக்கம் போய்ச் சாலையோரம் உட்கார்ந்து படித்தார்கள். இணையம் மக்களின் அடிப்படை உரிமை என்று சொல்லி கேரள அரசு 2023 ஜூனில் கே-ஃபோன் ஃபைபர் திட்டத்தைத் தொடங்கியதன் பின்னணியில் அந்தக் காட்சிகளும் இருந்தன என்றே நினைக்கிறேன். அப்படிப் பாடுபட்டு வீட்டு வாசல் வரை வந்த ஃபைபர், டிவிக்குப் பின்னால் தூசி படிந்த பெட்டியில் முடங்கிக் கிடப்பது வீண்.

வாளையார் வாசகிக்கு என் பதில்: முதலில் ரவுட்டரை மாடிப்படி ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். போதாவிட்டால் மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து அதன் முனையில் இரண்டாவது பெட்டி. கேபிள் இழுக்கவே வழியில்லை என்றால் மட்டும் மூன்று பேண்ட் மெஷ், அதுவும் இரண்டு பெட்டி.

கஞ்சிக்கோடு, வாளையார் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூச்சு வேலைக்கு முன் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, முன்கூடத்திலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பிவிசி குழாயைத் தனியாகப் பதிக்கச் சொல்லுங்கள். கரண்ட் வயர் போகும் குழாயோடு சேர்க்க வேண்டாம். அதற்குள் போகும் ஒரு கேட் 6 கேபிள் எத்தனை சுவர் குறுக்கிட்டாலும் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட்டைக் குறையாமல் கொண்டுபோகும்.