ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் முப்பத்தைந்து

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போய் மூன்றாம், நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைப் புரட்டினால் இப்படி ஒரு பக்கம் எப்படியும் கண்ணில் படும். 52-இல் 27 போனால் 35. 83-இல் 46 போனால் 43. 61-இல் 38 போனால் 37. இடையில் ஒன்று மட்டும் சரி: 78-இல் 35 போனால் 43. பக்கமெங்கும் சிவப்பு மை. பெற்றோர் கூட்டத்தில் “பையனுக்குக் கவனம் பத்தலம்மா” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

கவனத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த நான்கு விடைகளையும் மறுபடி பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தை எடுத்திருக்கிறான். 2-இல் 7 போகாது. ஆனால் 7-இல் 2 போகும், ஆகவே 5. மேலே எது, கீழே எது என்ற கவலை அவனுக்குக் கிடையாது. 78-இல் 35 போன கணக்கும் அதே விதியால்தான் சரியாக வந்தது. அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தது யார்? பெரும்பாலும் நாம்தான். ஒன்றாம் வகுப்பில் “பெரிசுலேருந்துதான் சின்னதை எடுக்க முடியும்” என்று சொன்னோம். அவன் சொன்ன சொல் தவறாமல் நடந்துகொண்டிருக்கிறான்.

1970-களில் அமெரிக்காவில் ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் இந்தக் கழித்தல் தவறுகளைக் கையில் எடுத்தார்கள். நிகரகுவா நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் 1,300-க்கும் மேற்பட்டோரின் விடைத்தாள்கள் அவர்களிடம் இருந்தன. கணினி நிரல் தப்பாக ஓடினால் அதற்குள் ஏதோ ஒரு வரி பிசகியிருக்கிறது என்றுதான் நிரல் எழுதுபவர் தேடுவார்; கணினிக்குக் கவனம் போதவில்லை என்று திட்டமாட்டார். அதே கண்ணோடு அவர்கள் பிள்ளைகளின் தாள்களைப் பார்த்தார்கள். பல தாள்களில் தவறுகள் ஒழுங்காக வரிசைகட்டி நின்றன. ஒரு பிள்ளை 50-இல் 27 போனால் 37 என்கிறது: 0-இல் 7 என்றால் 7-ஐ அப்படியே இறக்கிவிடுகிறது. இன்னொரு பிள்ளை 30 என்கிறது: ஒன்றுமில்லாததிலிருந்து எதை எடுத்தாலும் ஒன்றுமில்லை என்பது அதன் நியாயம். 1978-இல் இதை வெளியிட்டபோது கூடவே ஒரு விளையாட்டையும் செய்திருந்தார்கள். கணினி ஒரு மாணவனாக நடித்து, ஒரே மாதிரித் தப்புத் தப்பாக விடை சொல்லும். ஆசிரியர் புதுப்புதுக் கணக்குகளைக் கொடுத்து, அந்த ‘மாணவன்’ தலைக்குள் ஓடும் விதி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் இதைவிட நல்ல விளையாட்டு ஒன்று இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் வகுப்பறையின் பாதிச் சிக்கல் விளங்கிவிடும். பையன் தலைக்குள் ஒரு தப்பான விதி உறுதியாக உட்கார்ந்திருக்கும்போது, பழைய பாடத்தையே உரக்க நடத்துவதால் பயனில்லை. வீட்டுப்பாடமாக இருபது கணக்கு கொடுத்தால் இன்னும் மோசம். தப்பான விதிக்கு இருபது முறை பயிற்சி கிடைக்கும். செய்ய வேண்டியது வேறு. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஐந்து கட்டு ஈர்க்குச்சி, உதிரியாக இரண்டு குச்சி. “இதிலேருந்து இருபத்தேழு குடு” என்று கேட்கிறார் டீச்சர். இரண்டு கட்டை எடுத்துக் கொடுத்துவிடுவான். அப்புறம் ஏழு உதிரி வேண்டும், இருப்பதோ இரண்டு. கொஞ்ச நேரம் குச்சிகளையும் டீச்சர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். பிறகு, யாரும் சொல்லாமலே, ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றுவான். பாடப்புத்தகம் இனமாற்றம் என்று சொல்வதும் நாம் ‘கடன் வாங்குறது’ என்று படித்ததும் அந்தக் கழற்றல்தான்.

ஆனால் வகுப்பில் முப்பது பேர். ஒருவனுக்குக் கழித்தலில் சிக்கல், பக்கத்தில் இருப்பவளுக்கு 52 என்ற எண்ணையே 25 என்று எழுதும் சிக்கல், மூன்றாமவன் எல்லாம் முடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று பார்க்க ஒரு டீச்சருக்கு நேரம் ஏது? இரண்டு வகுப்பை ஒருவரே பார்க்கும் பள்ளிகளும் உண்டு.

இதற்கு நம் திண்ணைப் பள்ளிகளில் ஒரு விடை இருந்தது: சட்டாம்பிள்ளை. மூத்த மாணவன் இளையவர்களுக்கு மணலில் எழுதிக் காட்டுவான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளி ஆசிரியர்கள் அதைச் செய்ய மனமில்லாமல் இழுத்தடிக்க, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். பையன் நன்றாகவே நடத்தினான். ஊர் திரும்பி 1797-இல் பெல் அதை நூலாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மெட்ராஸ் கல்லூரி என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது.

பிறகு அந்த முறை ஏன் மங்கியது? ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானோரை அடைத்து, மணி அடித்தால் ஒப்பித்தல் என்று அதை ஆலை வேலையாக்கிவிட்டார்கள் என்பது ஒரு பகுதி. எனக்குப் படும் இன்னொரு காரணமும் உண்டு. விடை சரியா தப்பா என்று சட்டாம்பிள்ளையால் சொல்ல முடியும். 35 எப்படி வந்தது என்று அவனால் சொல்ல முடியாது.

ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று யார் பார்ப்பது என்ற பழைய கேள்வி கொரோனா காலத்தில் மறுபடி வந்து நின்றது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புக்குத் திறந்தது 2021 நவம்பர் 1-இல். அதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27-இல், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மாலையில் ஓர் ஒன்றரை மணி நேரம், தெருத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ சமுதாயக் கூடத்திலோ, ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். பெரும்பாலும் அதே தெருவில் இருக்கும் படித்த அக்கா. மாதம் ஆயிரம் ரூபாய்.

இது எடுபடும் என்று நம்ப ஒரு முன்கதை இருந்தது. 2001 வாக்கில் மும்பையிலும் வதோதராவிலும் ‘பிரதம்’ அமைப்பு, பள்ளி முடித்த இளம்பெண்களை ‘பால்சகி’களாக அமர்த்தியது. பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளை மட்டும் தினம் இரண்டு மணி நேரம் வெளியே அழைத்துப் போய், விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் அதை அளந்து பார்த்தார்கள். மதிப்பெண் தெளிவாகவே ஏறியிருந்தது. இவ்வகை ஆய்வு முறைக்காகத்தான் 2019-இல் பானர்ஜிக்கும் டஃப்லோவுக்கும் நோபல் பரிசு.

நம் திட்டத்தையும் அளந்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படி மீண்டதில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவானது இந்த மாலை வகுப்புகளின் கணக்கில் சேரும் என்கிறது ஆய்வு. ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்கு இது பெரிய வேலை. சம்பளம் அவ்வளவுதான் என்பது வேறு விவகாரம்.

2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அதே எண்ணத்தைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்தது. ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருப்பவன் அரும்பிலும் இருக்கலாம்.

இப்படிப் பிரிப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது வாசிப்பில் இன்னும் தெளிவாகத் தெரியும். நம் மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியது மிகக் கொஞ்சம், நான்கைந்து துண்டுகள்தான். உங்களுக்கு ‘மரக்காணம்’ ஒரே துண்டு. எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு அது ஆறு: ம, ர, க், கா, ண, ம். கடைசி ம் வரும்போது முதல் ம கைநழுவிவிடும். போதாக்குறைக்கு ‘கொ’ மாதிரி எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்கிறது, வாய் முதலில் சொல்ல வேண்டிய க நடுவில் நிற்கிறது. இந்த நிலையில் இருப்பவளிடம் பத்தியைப் படித்துப் பொருள் சொல் என்றால், பொருள் நிற்க மனதில் இடமே இல்லை. எழுத்து சரளமானால் அந்த இடம் தானாகக் காலியாகும்.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோருடன் போய்விட்டு மாதங்கள் கழித்துத் திரும்பும் இருளர் பிள்ளைகளுக்கு இப்படி நிலை பார்த்துப் பிரிப்பது பிழைப்புக் கேள்வியே. வருகைப் பதிவேட்டில் ஐந்தாம் வகுப்பு; கற்றது நின்ற இடம் இரண்டாம் வகுப்பு. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி தொடங்கிய தாய்த்தமிழ்ப் பள்ளி போன்றவை இந்தப் பிள்ளைகளை மனதில் வைத்து இயங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

நிலை பார்த்துப் பிரிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. பிரௌனோடு பிற்பாடு வேலை செய்த கர்ட் வான்லேன் கவனித்தது இது: வழி தெரியாமல் முட்டி நிற்கும் பிள்ளை அந்த நேரத்துக்கு ஏதோ ஒரு வழியை உண்டாக்கிக்கொள்கிறது, அடுத்த நாள் வேறொன்றை உண்டாக்கலாம். தப்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஜூன் மாதம் அரும்பில் போட்டவளை மார்ச் வரை அங்கேயே வைத்திருந்தால், புதுப் பெயரில் பழைய கடைசி பெஞ்சுதான். ஆக, அடிக்கடி பார்க்க வேண்டும். பிள்ளைகளின் நிலையைச் செயலியில் பதிவேற்றவே நேரம் போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. பதிவேற்றுவது பார்ப்பது ஆகாது.

பார்ப்பதற்கு நான்கு கணக்கு போதும். இனமாற்றம் தேவைப்படாத ஒன்று, தேவைப்படும் ஒன்று, மேல் எண் பூஜ்யத்தில் முடியும் ஒன்று, பூஜ்யம் நடுவில் மாட்டிக்கொண்ட 305-இல் 127 மாதிரி ஒன்று. கடைசிக் கணக்கைப் பெரியவர்களிடம் கொடுத்துப் பாருங்கள், செல்போனைத் தேடுவார்கள்.