பெரியப்பாவின் லென்ஸும் மூன்று பிரதிகளும்

ஸ்டூடியோவை மூடும்போது பெரியப்பா தன் நிக்கார் 50 மி.மீ. லென்ஸை என் கையில் கொடுத்தார். அது நிக்கான் எஃப் மவுண்ட் லென்ஸ். என் கேமராவோ சோனி மிர்ரர்லெஸ். இரண்டும் சேருமா என்று பலர் கேட்கிறார்கள். சேரும். நடுவில் ஒரு வெற்றுக் குழாய் போதும்.

எல்லாம் தூரக் கணக்குதான். லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து குறித்த தூரத்தில் ஃபிலிமோ சென்சாரோ இருந்தால்தான் தொலைவில் உள்ளது தெளிவாக விழும். 1959-இல் வந்த நிக்கான் எஃப் மவுண்ட்டுக்கு அந்தத் தூரம் 46.5 மி.மீ. உள்ளே ஒரு கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டியிருந்தது. மிர்ரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லாததால் சோனி ஈ மவுண்ட்டுக்கு 18 மி.மீ. போதும். மிச்சமிருக்கும் 28.5 மி.மீ. உயரத்துக்கு ஒரு உலோகக் குழாய் செய்தால் அதுதான் அடாப்டர். உள்ளே கண்ணாடிச் சில்லு எதுவும் கிடையாது. லென்ஸ் தரும் படம் அப்படியே வரும்.

கணக்கு தலைகீழானால் சிக்கல். கேனனின் பழைய எஃப்டி லென்ஸுக்கு 42 மி.மீ. வேண்டும், அதே கேனனின் இஓஎஸ் எஸ்எல்ஆரில் இருப்பது 44. இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் வெறும் குழாயை வைத்தால் கிட்டத்தில் இருப்பது மட்டுமே தெளியும். வாங்குவதற்கு முன் இந்த எண்களைப் பாருங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டியதும் மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்பதை ஆன் செய்ய வேண்டும். கேமராவில் அதிர்வுக் கட்டுப்பாடு இருந்தால் 50 என்று நீங்களே பதிய வேண்டும். ஆட்டோஃபோகஸ் கிடையாது. அபர்ச்சர் வளையத்தையும் கையால்தான் திருப்ப வேண்டும். அதனால் தாலி கட்டும் நேரத்தில் இதை நான் மாட்டுவதில்லை. மருதாணி காயக் காத்திருக்கும் கை, பந்தலில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் முகம், இவற்றுக்கு இதைவிட நல்ல லென்ஸ் என்னிடம் இல்லை.

அந்தக் குழாயில் மின்தொடர்பு இல்லாததால், எந்த லென்ஸில் எடுத்தது என்பது ஃபைலில் பதிவாகாது. ஃபோல்டர் பெயரிலேயே ‘நிக்கார் 50’ என்று எழுதி வைக்கிறேன்.

நாற்பது வருஷம் பழகிய லென்ஸ் இன்னும் படம் எடுக்கிறது. நான் சில வருஷம் முன்பு எடுத்த ஒரு வளைகாப்பு இன்று என்னிடம் இல்லை. லேப்டாப்பில் இடம் போதாமல் ஃபோல்டர்களை நீக்கியபோது அதுவும் போயிற்று. கிளவுடில் இருக்கிறதே என்று நம்பியிருந்தேன். ஆனால் நான் வைத்திருந்தது பேக்கப் அல்ல, சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கிளவுடின் குப்பைத்தொட்டியில் சில நாள் கிடக்கும். எனக்குத் தெரியவந்தது பல மாதம் கழித்து, அந்த வீட்டுப் பாட்டி காலமான பின், வளையல் அடுக்கியபடி அவர் சிரித்த படத்தைப் பெரிதாக்கித் தரும்படி வீட்டார் கேட்டு வந்தபோது. ஆல்பத்தின் பக்கத்தை ஸ்கேன் செய்துதான் கொடுத்தேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கை அதற்குப் பிறகுதான் கடைப்பிடிக்கிறேன்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் சுமார் 25 எம்பி. ஒரு கல்யாணத்தில் 3,000 படம் என்றால் 75 ஜிபி. மண்டபத்திலிருந்து வந்த இரவே லேப்டாப்பிலும் ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் ஏற்றிவிடுகிறேன். இரண்டிலும் சில படங்களைத் திறந்து பார்க்கும்வரை கார்டை ஃபார்மட் செய்வதில்லை. தவறிப்போய் அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். மேலே எழுதப்படாதவரை மீட்க வழி உண்டு.

மூன்றாவது பிரதி அக்கா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை போகும்போது புதிய டிஸ்க்கை வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வருகிறேன். வந்ததும் அதைச் செருகி, ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்க்கிறேன்.