வரியை மதிப்பிடுவது யார்?

அடுத்தடுத்து இரண்டு வீடுகள். தெருவும் ஒன்று, அளவும் ஒன்று. ஆனால் ஒன்றுக்கு வரி அதிகம், மற்றதற்குக் குறைவு. இதைக் காட்டிலும் ஜனங்களின் மனத்தைப் புண்படுத்தும் அநீதி வேறுண்டோ? ஆகையால், மதிப்பிடுகிறவரை நாமே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது.

பாளையங்கோட்டைக்கு இந்தப் பரீட்சை புதிதன்று. 1866-இல் இங்கே நகரசபை ஏற்பட்டது. சென்னை மாகாணத்தின் 1920-ஆம் வருஷச் சட்டப்படி, வீடுகளை மதிப்பிடும் அதிகாரம் சபைத் தலைவரிடம் இருந்தது. வோட்டை நாடி நிற்பவரே வோட்டரின் வீட்டையும் மதிப்பிட்டால், தராசு முள் நேராக நிற்குமா? 1933-இல் சட்டம் திருத்தப்பட்டு, சர்க்கார் நியமிக்கும் கமிஷனர்களிடம் நிர்வாகத்தை ஒப்படைக்க வழி பிறந்தது. 1994-இல் பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாநகராட்சியுடன் சேர்ந்தது.

நியமனம் மட்டும் போதுமா? போதாது. தமிழ்நாட்டில் 2018-இல் உயர்த்திய சொத்து வரி மறுவருஷமே நிறுத்தி வைக்கப்பட்டது. 2022-இல் மறுபடி உயர்ந்தபோது, பெரும்பாலான ஊர்களில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 சதவீதமும் ஏறிற்று. இவ்வளவு பாரத்தை ஏற்றுகிறவர்கள் ஜனங்களுக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும்.

வரி விதிப்பது வேறு. வீட்டை அளப்பது வேறு. விதிப்பவர் வோட்டுக்குக் கட்டுப்படட்டும். அளப்பவர் அளவுகோலுக்கு மட்டுமே கட்டுப்படட்டும். ஒவ்வொரு வீட்டின் அளவும் வரியும் தெருவார் அனைவரும் பார்க்கும்படி எழுதி வைக்கப்படட்டும். அண்டை வீட்டாரின் கண்ணைவிடச் சிறந்த தணிக்கை ஏது?