‘இதோ வந்துட்டேன்!’: விரைவுக்குத் தமிழ் தந்த இலக்கணம்

சென்னைப் புறநகரான கூடுவாஞ்சேரியின் ரயில் நிலையத்தில் காலை வேளைகளில் இரண்டு பேச்சுகள் தவறாமல் காதில் விழும். செங்கல்பட்டுப் பக்கமிருந்து மின்ரயில் தெரிந்ததும், “ஓடு, ஓடு, ஓடு!” இன்னும் ஜிஎஸ்டி சாலையைக்கூடக் கடக்காதவர் கைபேசியில் சொல்வது, “இதோ வந்துட்டேன்!”

இரண்டுக்கும் தொல்காப்பியத்தில் இடமிருக்கிறது. விரைவுச் சொல் மூன்று முறை வரை அடுக்கி வரலாம் என்கிறது ஒரு நூற்பா. இனி நடக்கவேண்டியதை, விரைவு காரணமாக நடந்து முடிந்ததாகச் சொல்லலாம் என்கிறது இன்னொன்று. பிற்காலத்தில் பவணந்தி முனிவரின் நன்னூலும் இதை ஏற்றது. காலவழுவமைதி என்று இதற்குப் பெயர். ஆகவே ‘வந்துட்டேன்’ பொய்யல்ல. உடலுக்கு முன்பே மனம் வந்து சேர்ந்துவிட்டது.

விரைவைக் குறிக்கத் தமிழில் சொற்கள் ஏராளம். ‘கதழ்வு’, ‘துனைவு’ இரண்டும் விரைவையே குறிக்கும் என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்கிறார். ‘கடி’ என்ற சொல்லுக்கு அவர் தரும் பத்துப் பொருள்களில் விரைவும் ஒன்று. மிகுதியைச் சொல்லும் ‘கடு’ என்ற அடியிலிருந்து ‘கடுகுதல்’ வந்தது. விரைந்தோடும் குதிரை ‘கடும்பரி’ ஆனது. சீக்கிரமும் வேகமும் வடமொழியிலிருந்து வந்தவை. ‘விரை’ என்ற வினையில் பிறந்த ‘விரைவு’, ஊர்ப்பக்கம் இன்றும் ‘வெரசா வா’ என்று புழங்குகிறது.

விரைதலைக் குறிக்கும் பழைய ‘முடுகு’ம் அழியவில்லை. தொல்காப்பியம் செய்யுளுக்குச் சொல்லும் இருபது வண்ணங்களில் ‘முடுகு வண்ணம்’ ஒன்று. அதே வேரிலிருந்துதான் நம் இயற்பியல் பாடநூலின் ‘முடுக்கம்’ கிளைத்தது. இலங்கைத் தமிழ் மாணவர்கள் அதையே ‘ஆர்முடுகல்’ என்று படிக்கிறார்கள். வேகம் குறைந்தால் ‘அமர்முடுகல்’.

இன்றைய வழக்கில் வேகமும் விரைவும் தனித்தனி வேலை பார்க்கின்றன. மணிக்கு எண்பது கிலோமீட்டர் ‘வேகம்’ என்போம். அங்கே ‘விரைவு’ பொருந்தாது. வேகம் கருவியில் தெரியும் அளவு. விரைவு, போய்ச்சேர வேண்டும் என்ற முனைப்பு. கூடுவாஞ்சேரிக்கு வடக்கே, 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்திலிருந்து புறப்படும் அரசுப் பேருந்துகள் பல ‘விரைவுப் பேருந்து’ என்றே பெயர் பெற்றிருப்பது எவ்வளவு பொருத்தம்!

‘முடுக்கம்’ கற்பிக்கும் ஆசிரியர்கள் அதன் வேரையும் ஒரு நிமிடம் சொல்லட்டும். மனப்பாடம் செய்யும் கலைச்சொல், தன் பாட்டன் வீட்டுச் சொல் என்று தெரிந்தால், பிள்ளைக்கு அறிவியலும் சொந்தமாகும், தமிழும் சொந்தமாகும்.