புழுதிக்கு ஒரு பை

சொர்ணவாரி அறுப்பு முடிந்து, பாகூர் ஏரிக்குக் கீழே களங்களில் நெல் தூற்றிய காலத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் பெண்கள் முறத்தை உயர்த்துவார்கள். பதரும் தூசும் எதிர்ப்பக்கம் பறக்கும். ஆனாலும் சுணை விடாது. கழுத்து, முழங்கை, கண் இமை என்று எங்கும் அரிக்கும். முந்தானையால் மூக்கையும் வாயையும் சேர்த்துச் சுற்றிக்கொள்வார்கள். இழுப்பு உள்ளவர்கள் அந்த நாட்களில் களத்துப் பக்கமே வரமாட்டார்கள். இப்போது அறுப்பு மெஷின் வயலிலேயே நெல்லைப் பிரித்து டிராக்டரில் கொட்டிவிட்டுப் போகிறது. களத்துத் தூசு குறைந்துவிட்டது. வீட்டுத் தூசுதான் வேறு ஆளாக மாறிவிட்டது.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் ஊர்களில் அன்று பல வீடுகள் கூரை வீடுகள். தென்னங்கீற்று, கரும்புச் சோகை, மண் சுவர், சாணி மெழுகிய தரை. கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிப்பார்கள். வாசலுக்குச் சாணித் தண்ணீர். உள்ளே கையில் அள்ளி உதறிய நாலு துளி. அதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடக் கூடாது. ஈரம் பட்ட தூசு ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துவிடும், ஈர்க்கு விளக்குமாறு தள்ளினாலும் எழும்பாது. வடிகட்டி என்ற ஒன்று வீட்டுக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் பெண்கள் தண்ணீரை அந்த வேலைக்கு வைத்திருந்தார்கள். ஓட்டு இடுக்கிலும் கீற்று இடுக்கிலும் காற்று போய் வந்ததால், எழும்பிய மிச்சமும் வெளியே போய்விடும். அடுப்புப் புகை மட்டும் போகாது. அந்தக் கொடுமையை யாரும் ஏக்கத்தோடு நினைக்க வேண்டியதில்லை.

பிறகு கான்கிரீட் வீடுகள் வந்தன. டைல்ஸ் வந்தது, சோபா வந்தது, பஞ்சு மெத்தை, திரைச்சீலை, ஏசி. நான்குவழிச் சாலைப் புழுதிக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னல்களைச் சாத்தினோம். கடலோரத்து ஈரக் காற்று மெத்தைக்குள் தங்கியது. அந்த ஈரத்தில் தூசிப் பூச்சிகள் பெருகும். ஒரு பூச்சி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அவற்றின் கழிவுதான் பல குழந்தைகளுக்கு வீசிங்கைக் கிளப்புகிறது. பூந்துடைப்பத்தால் உலர்ந்த டைல்ஸைப் பெருக்கும்போது அது எழும்பிக் காற்றில் மிதக்கிறது.

வேக்குவம் கிளீனர் இந்தப் பக்கம் இரண்டு வழியாக வந்தது. ஒன்று, 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய் இயக்கிக் காட்டிய வழி. அவர்கள் முதலில் நகரத்துத் தெருக்களைத்தான் சுற்றினார்கள். இன்னொன்று பிரான்சு வழி. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்களில் விடுமுறைக்கு வருகிறவர்கள் மெஷினையே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அங்கும் இங்கும் மின்சாரம் 230 வோல்ட் என்பதால் அது ஓடியது. தூசு சேரும் பைதான் தொல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் வாய் அட்டை வேறு. தீர்ந்தால் வில்லியனூர்க் கடையில் கிடைக்காது. அடுத்த முறை வருகிறவர் பை கொண்டுவரும்வரை, நிறைந்த காகிதப் பையைக் கொட்டி மறுபடி மாட்டுவார்கள்.

அப்படிச் செய்யவே கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. 1908இல் வேக்குவம் கிளீனர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்ற, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஜேம்ஸ் மரே ஸ்பேங்லர், கடை ஒன்றைக் கூட்டித் துடைத்த தொழிலாளி. தூசு அவருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பியது. தலையணை உறையைப் பையாக மாட்டித்தான் தன் மெஷினைச் செய்தார். இழுத்த தூசை மறுபடி மூச்சில் வாங்காமல் இருப்பதற்காகப் பிறந்த மெஷின் அது. பையை வாசலில் உதறினால் அந்த நோக்கமே போய்விடுகிறது. ஒரு முறை மாட்டி, நிறைந்ததும் எறிகிற காகிதப் பை 1920இல் வந்தது.

காகிதப் பையிலும் காற்று பையின் சுவர் வழியாகவே வெளியேற வேண்டும். நுண்ணிய தூசு துளைகளை அடைத்ததும், பை பாதிகூட நிறையாதபோதே மெஷினின் இழுப்பு குறைகிறது. சிந்திய கோலமாவை, சுவரில் பட்டி தேய்த்த பொடியை, விபூதியை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஈரம் பட்டால் காகிதம் கிழியும். ஹெப்பா பை என்று விற்பது பெரும்பாலும் பல அடுக்குச் செயற்கை இழைப் பை. துளைகள் சீக்கிரம் அடைபடுவதில்லை, கிழிவதில்லை, விலை கூடுதல். ஹெப்பா என்ற வடிகட்டி இரண்டாம் உலகப் போர்க்கால அணுகுண்டு ஆலைகளுக்காக உருவானது. அமெரிக்க அளவுகோலின்படி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அட்டையில் பெரிய எழுத்தில் பெயர் மட்டும் இருந்து இந்த அளவோ H13 போன்ற தரக்குறியோ இல்லையென்றால், அது நல்ல இழைப் பையாக இருக்கலாம், ஹெப்பா என்று நம்பிக் காசைக் கொடுக்க வேண்டாம். மூடியின் ரப்பர் தேய்ந்து காற்று கசிகிற பழைய மெஷினில் எந்தப் பையை மாட்டினாலும் தூசு பக்கவாட்டில் வெளியே வரும். ரப்பரை முதலில் மாற்றுங்கள்.

என் கருத்து இது: வீட்டில் யாருக்கும் வீசிங் இல்லை, தரைதான் அதிகம், மெத்தை குறைவு என்றால் காகிதப் பை போதும், முக்கால் நிறைந்ததும் மாற்றினால். இழுப்பு உள்ள குழந்தையோ பெரியவரோ இருக்கும் வீட்டில், மெத்தைக்கு மெஷின் போடுகிற வீட்டில், இழைப் பைக்கான கூடுதல் காசு வீண் செலவாகாது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தக் கொம்யூன்களிலிருந்து காலை பஸ் பிடித்துப் புதுச்சேரி ஓட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் சுத்தம் செய்யப் போகிற பெண்களை நினைத்துப் பாருங்கள். அன்று களத்தில் முந்தானையால் மூக்கைக் கட்டியவர்களின் மகள்களும் பேத்திகளும் அவர்களில் உண்டு. அறையில் தங்குகிறவர் சுத்தமான காற்றை வாங்குகிறார். பல இடங்களில் துணிப் பைதான். கொல்லைப்புறத்தில் நின்று அதைத் தட்டி உதறுவது அந்தப் பெண்கள். தூசு போய்ச் சேரும் இடம் அவர்களுடைய நெஞ்சு. வாய் மூடி எறிகிற பையும் ஒரு முகக்கவசமும் வாங்கித் தருவது எந்த முதலாளிக்கும் பெரிய செலவில்லை. வீட்டுக்கு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

பையைக் கழற்றும்போது மெஷினை நிறுத்திச் சில நிமிடம் தூசு அடங்க விடுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி வெளியே நின்று, பையின் வாய் அட்டையை மூடி, அழுத்தாமல் எடுத்து ஒரு கவரில் போட்டு முடிச்சிட்டுவிட்டுக் குப்பை வண்டிக்காரரிடம் கொடுங்கள். அவரும் அதைப் பிரித்துக் கொட்ட வேண்டியிருக்காது.