கோடுகளுக்கு முகவரி சொல்லும் எண்

கண்ணாடிக் குழாயில் ஹைட்ரஜனை அடைத்து மின்சாரம் பாய்ச்சினால் இளஞ்சிவப்பாக ஒளிரும். அந்த ஒளியைப் பட்டகத்தின் வழியே பார்த்தால் முழு வானவில் தெரியாது. சிவப்பு, நீலப்பச்சை, ஊதா எனச் சில கோடுகள்தான் தெரியும். அவை ஏன் அந்தந்த இடத்தில் மட்டும் விழுகின்றன?

1885இல் சுவிட்சர்லாந்துப் பள்ளி ஆசிரியர் யோகான் பால்மர், நான்கு ஹைட்ரஜன் கோடுகளை ஒரே சூத்திரத்தில் அடக்கினார். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் லித்தியம், சோடியம் போன்ற உலோகங்களின் கோடுகளை ஆராய்ந்துகொண்டிருந்த யோகன்னஸ் ரிட்பெர்க், எல்லாவற்றிலும் ஒரே மாறிலி தலைகாட்டுவதைக் கண்டார். பால்மரின் சூத்திரம் அவருடைய பொதுச் சூத்திரத்தின் ஒரு வகையாகிவிட்டது.

ஹைட்ரஜனுக்குக் கணக்கு எளிது. 2, 3 என்ற எண்களின் வர்க்கங்களைத் தலைகீழாக்கிக் கழித்தால் 1/4 – 1/9 = 5/36. இதை ரிட்பெர்க் மாறிலியால், அதாவது சுமார் 1.097 கோடியால், பெருக்கினால் ஒரு மீட்டரில் எத்தனை அலைகள் என்பது கிடைக்கும்: ஏறத்தாழ 15.2 லட்சம். அப்படியானால் அலைநீளம் 656 நானோமீட்டர். அதுதான் அந்தச் சிவப்புக் கோடு.

அளந்து பெற்ற இந்த எண்ணுக்குக் காரணம் 1913இல்தான் தெரிந்தது. எலெக்ட்ரானின் நிறை, மின்னூட்டம், பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம் ஆகியவற்றிலிருந்தே இயற்பியலாளர் நீல்ஸ் போர் அதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஹைட்ரஜனுடையவை என்று கருதப்பட்ட சில கோடுகள் உண்மையில் ஓர் எலெக்ட்ரானை இழந்த ஹீலியத்தினுடையவை என்றும், அதற்கு மாறிலி 4 மடங்கு என்றும் சொன்னார். வானியலாளர் ஆல்ஃபிரட் ஃபௌலர் மறுத்தார்: அளந்தால் 4 அல்ல, 4.0016 வருகிறதே! போர் அசரவில்லை. எலெக்ட்ரான் சுற்றும்போது அணுக்கருவும் சற்றே அசைகிறது. கனமான ஹீலியம் அணுக்கரு குறைவாக அசைகிறது. அதைச் சேர்த்துக் கணக்கிட்டபோது விடை 4.00163.

இதே நுட்பம் 1931இல் ஒரு புதையலைத் தந்தது. ஹைட்ரஜன் கோடுகளின் அருகே, கணக்கு காட்டிய இடத்தில் தெரிந்த மங்கலான கோடுகளைக் கொண்டு கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தை ஹெரால்ட் யூரி குழுவினர் கண்டுபிடித்தனர். யூரிக்கு 1934இல் நோபல் பரிசு கிடைத்தது.

அணுக்கரு அசையாது என்று கொண்டால், மீட்டருக்கு 1,09,73,731.568 என்பது மாறிலியின் மதிப்பு. இதில் உள்ள ஐயம் லட்சம் கோடியில் ஏறத்தாழ ஒரு பங்குதான். இயற்பியலில் இவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்ட மாறிலிகள் மிகச் சிலவே.