கருவியும் கற்பித்தலும்

வளம் குன்றிய பள்ளிக்கூடங்களின் தேவை யாது என வினவினால், கணினிகள் என்பதே நம்மிற் பலரின் முதல் விடையாக இருக்கும். கருவி வந்துவிட்டால் கல்வி தானே வளரும் எனும் இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய்யானது? இரு நாடுகளின் அனுபவங்கள் இவ்வினாவிற்குத் தெளிவான விடை பகர்கின்றன.

தென்னமெரிக்க நாடான பெரு, 2008இல் ‘குழந்தைக்கொரு மடிக்கணினி’ திட்டத்தைத் தொடங்கியது. நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. 319 பள்ளிகளில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் முடிவுகளை அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்டது. மாணவர் ஒருவருக்கு 0.12 ஆக இருந்த கணினி விகிதம் 1.18 ஆக உயர்ந்திருந்தது. எனினும் கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் சிறிது வளர்ச்சி காணப்பட்டது என்பதையும் நாம் மறைத்தற்கில்லை. ஆயின், வகுப்பறைப் பாடத்தோடு கருவியை இணைத்துப் பயன்படுத்தும் தெளிவான வழிகாட்டல் இத்திட்டத்தில் இடம்பெறவில்லை.

டெல்லியில் நிகழ்ந்ததோ வேறு. அரசு நடுநிலைப் பள்ளி மாணவர் 619 பேரைக் கொண்டு 2015இல் ஓர் ஆய்வு தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியான் ஆகிய மூவரும் நடத்திய அவ்வாய்வு 2019இல் வெளிவந்தது. ஆறாம் வகுப்பு மாணவர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருப்பதை அவர்கள் முதலிற் கண்டனர். ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தோரின் அறிவு நிலைகளுக்கிடையிலும் பல வகுப்புகளின் இடைவெளி நிலவியது. ஆசிரியரோ அனைவருக்கும் ஒரே பாடநூலையே நடத்த வேண்டியவராக இருந்தார்.

பள்ளி நேரத்திற்கு அப்பால், குலுக்கல் முறையில் தேர்வானோர் ‘மைண்ட்ஸ்பார்க்’ எனும் மென்பொருள்வழிப் பயிற்சி பெற்றனர். மாணவர் தரும் விடைகளைக் கொண்டு அவர் நிற்கும் படியை அம்மென்பொருள் கணித்தறியும். பின் அப்படியிலிருந்தே வினாக்களைத் தொடுக்கும். நாள்தோறும் நாற்பத்தைந்து நிமிடம் கணினி, நாற்பத்தைந்து நிமிடம் உதவியாளரின் சிறுகுழு வகுப்பு என நேரம் பகுக்கப்பட்டிருந்தது. நான்கரை மாத முடிவில், கணிதத்திலும் இந்தியிலும் இவர்கள் எய்திய முன்னேற்றம், குலுக்கலில் இடம்பெறாதோர் எய்தியதைப் போல் இரு மடங்கையும் கடந்திருந்தது.

இரு நாடுகளிலும் கணினி இருந்தது. ஒன்றில் மட்டுமே பாடத்தில் பயன் விளைந்தது. மாணவரின் உண்மையான நிலையை அறிதல், அந்நிலையிலிருந்து கற்பித்தல், அருகில் ஒருவர் துணை நிற்றல் ஆகியன டெல்லியில் ஒருங்கே அமைந்தன. ஒரே வகுப்பில் நாற்பது பிள்ளைகளை நாற்பது படிகளில் வைத்துக் கற்பிப்பது தனியோர் ஆசிரியருக்கு அரிது. அச்சுமையைப் பகிர்ந்துகொள்வதே கருவியின் பணி.

எனவே, பள்ளிகளை நடத்துவோரும் நன்கொடை வழங்குவோரும் எத்தனை கணினிகள் வாங்கலாம் என எண்ணுமுன், நம் பிள்ளைகள் எப்படியில் நிற்கின்றனர் என அறிய முற்படல் வேண்டும். அதற்கு ஒரு தாளும் எழுதுகோலுமே போதும். அதையறியாது செலவிடும் பொருள், பூட்டிய அறைக்குள் தூசி படியும் கணினிகளாகவே எஞ்சக்கூடும். ஏழாம் வகுப்பிலும் கழித்தற் கணக்கறியாத பிள்ளையோ அவ்வாறே இருந்துவிடும்.